பலகை எடுக்கும் வயசு

எங்கள் ஊர் சலூனில் ஒரு பலகை இருந்தது. நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே அதைப் போட்டு, மேலே பையன்களை உட்கார வைத்து முடி வெட்டுவார்கள். பலகை மேல் உட்கார்ந்தால் சின்னப் பையன். பலகை இல்லாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்தால் ஆம்பிளை. நடுவில் வேறு ஜாதி கிடையாது.

ஆறு வயசில் ஒருநாள் 'பலகை வேணாம்' என்று அடம்பிடித்தேன். சலூன்கார அண்ணன் என் அப்பாவைப் பார்த்தார். அப்பா 'தினத்தந்தி'யில் கன்னித்தீவு படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே "சரி, விடுப்பா" என்றார். பலகை போயிற்று. நான் நாற்காலிக்குள் இறங்கினேன். இறங்கினேன் என்பதைவிட, மறைந்தேன் என்று சொல்லலாம். கண்ணாடியில் என் உச்சிமுடி மட்டும்தான் தெரிந்தது. மீதியைப் பார்க்க எம்பினேன். அண்ணனின் கத்திரி இடது காதில் இறங்கியது.

அந்த வடு இன்னும் இருக்கிறது. ஆம்பிளையானதற்கு அத்தாட்சி!

இப்போது எதற்கு இந்தக் காதுப் புராணம் என்றால், போன டிசம்பரில் ஜெர்மனியிலிருந்து லீவில் வந்த என் மச்சினன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். சாக்லெட்டாக இருக்கும் என்று சுற்றி உட்கார்ந்தோம். பிரித்தால் ஒரு நாற்காலி. கால் இல்லாத நாற்காலி.

"பூஸ்டர் ஸீட், மாமா. என் பையன் வளர்ந்துட்டான். உங்க பொண்ணுக்கு ஆகுமேன்னு கொண்டு வந்தேன்."

என் அம்மா உள்ளேயிருந்து, "பூஸ்டரா? அதான் ஒன்றரை வயசுலயே போட்டாச்சே... காய்ச்சல் வந்து ரெண்டு நாள் தூங்கவே விடலையே!" என்றாள்.

ஊசி இல்லை, உட்காருகிற ஸீட் என்று விளக்குவதற்குள் என் பெண் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வயசு நாலு. ஏற்கெனவே காரில் அவளுக்கு ஒரு ஸீட் இருக்கிறது. இரண்டு தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால் நடுவே ஒன்று என்று ஐந்து இடத்தில் வார் போட்டு மாட்டுகிற ரகம். அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'கட்டிப் போடுற ஸீட்'. மே மாத வெயிலில் கார் நின்றால் அந்த பக்கிள் தோசைக்கல்லாகிவிடும். துண்டு போட்டு மூடி வைக்க வேண்டும். பூஸ்டரில் இந்த வம்பெல்லாம் இல்லை. பெரியவர்கள் போடுகிற அதே பெல்ட்டைத் தானே போட்டுக்கொள்ளலாம்.

"அப்பா, நாளையிலேருந்து நான் இதுலதான்" என்று அறிவித்தாள்.

ஆபீஸில் இருபது பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற எனக்கு, இதற்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

* * *

முதலில் இருந்த ஸீட் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பெருமையான கதை இல்லை.

அவளுக்கு இரண்டு வயசு. விழுப்புரத்தில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பின் ஸீட்டில் அம்மாவின் மடியில் குழந்தை. 'பாட்டி மடியைவிட பத்திரமான இடம் உண்டா' என்பது அந்தக் காலத்து என் கொள்கை. மதுராந்தகத்துக்கு முன்னால் ஜி.எஸ்.டி. ரோட்டின் நடுத்தடுப்பு இடைவெளியிலிருந்து ஒரு பைக் குறுக்கே வந்தது. அழுத்தி பிரேக் போட்டேன். பைக்காரர் பிழைத்தார். காரில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அம்மாவின் கை வெறும் கையாக இருந்தது. குழந்தை முன் ஸீட்டின் முதுகில் மோதிக் கீழே கிடந்தாள். புருவத்துக்கு மேலே மூன்று தையல்.

அம்மா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. "கெட்டியாத்தான்டா பிடிச்சிருந்தேன்... கெட்டியாத்தான்..." என்று கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கெட்டியாகத்தான் பிடித்திருப்பாள். தப்பு கையில் இல்லை, கணக்கில். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதன் மேலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். உள்ளே இருப்பவர்களை நிறுத்திப் பிடிக்க அவரவர் எடையைப்போல் சுமார் பதினாலு மடங்கு பலம் வேண்டும். 15 கிலோ குழந்தைக்கு 210 கிலோ. அதாவது 25 கிலோ அரிசி மூட்டை எட்டு. எட்டு மூட்டையை ஒரே சமயத்தில் தாங்குகிற பாட்டி யார் வீட்டிலாவது இருந்தால், அவர்களுக்கு ஸீட் தேவையில்லை.

நாங்கள் மட்டும் ஏமாந்தோம் என்றில்லை. குழந்தைகளைக் காரில் தனி ஸீட்டில்தான் உட்கார வைக்கவேண்டும் என்று அமெரிக்காவிலேயே முதலில் சட்டம் கொண்டுவந்தது டென்னஸி மாநிலம். 1978-ல் அமலுக்கு வந்தது. அதிலும் ஒரு சலுகை வைத்திருந்தார்கள்: பெரியவர் யாராவது கையில் வைத்திருந்தால் பரவாயில்லை என்று! அப்புறம்தான் புரிந்தது, மோதினால் அந்தப் பெரியவரின் உடம்பே குழந்தையை நசுக்கிவிடும் என்று. 'குழந்தை நசுக்கும் சலுகை' என்றே அதற்குப் பட்டப்பெயர் விழுந்து, 1981-ல் எடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 194பி என்று ஒரு பிரிவு. பதினாலு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையை பெல்ட்டோ, குழந்தை ஸீட்டோ போடாமல் காரில் கூட்டிப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். ஆனால் எந்த வயசில் எந்த ஸீட், எப்போது பெல்ட் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அதை அப்பா அம்மாதான் முடிவு செய்ய வேண்டும். அங்கேதான் என் காதின் வடு அரிக்க ஆரம்பித்தது.

* * *

மச்சினனைப் பிடித்து உட்கார வைத்தேன். இன்ஜினீயர். அவனிடம் மணி கேட்டால் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லுவான். இந்த மாதிரி சமயத்தில் உபயோகமான ஆள்.

"பூஸ்டர் தனியா ஒண்ணும் பண்ணாது, மாமா. குழந்தையைப் பிடிக்கிறது பெல்ட்டுதான். அது வளர்ந்த ஆளுக்குன்னு செஞ்ச பெல்ட். குழந்தையை உயரத்துல தூக்கி, பெல்ட் சரியான இடத்துல வர்ற மாதிரி பண்றதுதான் பூஸ்டரோட வேலை."

"சலூன் பலகை!" என்றேன்.

"அதேதான்."

1978-ல் ஸ்வீடனில் வால்வோ கம்பெனி இந்த பூஸ்டரை அறிமுகப்படுத்தியதாம். எங்கள் ஊர் அண்ணன் பேட்டன்ட் வாங்காமல் விட்டுவிட்டார்.

சரியான இடம் என்றால் எது? தோள் பெல்ட் கழுத்தை அறுக்காமல், தோளிலிருந்து நழுவாமல், தோளின் நடுவில் வரவேண்டும். இடுப்பு பெல்ட் வயிற்றின் மேல் வரவே கூடாது. தொடை ஆரம்பிக்கிற இடத்தில், இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். நம் இடுப்பைத் தொட்டுப் பார்த்தால் முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். பெல்ட் மேலே ஏறாமல் பிடித்துக்கொள்கிற கொக்கி அதுதான். சின்னக் குழந்தைக்கு அந்த எலும்பு இன்னும் சரியாக வளர்ந்திருக்காது. மோதுகிறபோது பெல்ட் வழுக்கிக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடும். வயிற்றில் எலும்பு கிடையாது; குடலும் ஈரலும்தான்.

எங்கள் கார் மாதிரிப் பழைய காரில் பின்னால் நடு இடத்தில் இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கும். அங்கே பூஸ்டர் போட்டுப் பிரயோஜனமில்லை. ஓர ஸீட்தான்.

"செகண்ட் ஹேண்ட் ஸீட்டாச்சே, ஆக்ஸிடென்ட் எதிலயும் மாட்டலியே?" என்று இழுத்தேன். மோதின காரில் இருந்த ஸீட்டை மறுபடி உபயோகிக்கக் கூடாது; வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் இருக்கலாம். மச்சினன் கோபித்துக்கொள்ளவில்லை. வாங்கின ரசீதையே எடுத்துக் காட்டினான். ஜெர்மனிக்குப் போனால் ஆட்கள் இப்படி ஆகிவிடுகிறார்கள்.

ஸீட்டின் பின்னால் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 100 முதல் 150 சென்டிமீட்டர் வரை. ஜெர்மனியில் பன்னிரண்டு வயசு ஆகவேண்டும் அல்லது 150 சென்டிமீட்டர் வளரவேண்டும். அதுவரை பிள்ளைகளுக்கு ஸீட் கட்டாயம். பிரிட்டனில் அது 135. அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சுமார் 145 என்கிறார்கள்.

உடனே எல்லாரையும் அளந்து பார்க்கிற உற்சாகம் வந்துவிட்டது. நிலைவாசல் கட்டையில் சாய்த்து நிறுத்தி, தலைமேல் டைரியை வைத்து, பென்சிலால் கோடு. என் பெண் 98. குதிகாலைத் தூக்கியதால் முதலில் 103 வந்தது. செல்லாது என்று அறிவித்தோம். அடுத்து அம்மா. 147!

"பாட்டி அமெரிக்காவுல பாஸ், ஜெர்மனியில ஃபெயில்" என்றான் மச்சினன். என் பெண்ணுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப பாட்டிக்கும் ஒரு ஸீட் வாங்குங்க!"

"போடி, எனக்குப் பல்லே பாதி விழுந்தாச்சு" என்றாள் அம்மா.

98 என்பதால் அன்றைக்குப் பிரச்னை ஒத்திப் போடப்பட்டது. ஸீட்டைப் பரண்மேல் ஏற்றினோம். வழக்கை ஒத்தி வைக்கிற ஜட்ஜின் நிம்மதி எனக்கு.

* * *

குழந்தைகளிடம் ஒரு கெட்ட பழக்கம், வளர்ந்துவிடுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் நிலைவாசலில் 100. குதிகால் தரையில். டைரி நேராக. அப்பீலுக்கு இடமில்லை.

"இப்பத் தரணும்ல?" என்றாள் என் பெண். "சீட்டுல போட்டிருக்குல்ல?"

என் மனைவி, "குடுத்துடுங்களேன். அதான் நூறு ஆயிடுச்சே. ஒவ்வொரு தடவையும் அந்த வாரை மாட்டறதுக்குள்ள எனக்குத்தான் உயிர் போகுது" என்றாள். நியாயம்தான். நானும் ஆபீஸ் பேப்பர்களுக்கு நடுவே தலையை நிமிர்த்தாமல் 'சரி' என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாய் அப்படியே நின்றது. இது எங்கேயோ பார்த்த காட்சி மாதிரி இருந்தது.

மச்சினனுக்கு போன் போட்டேன்.

"நூறுங்கறது ஸீட்டோட தகுதி, மாமா. உங்க பொண்ணோட தகுதி வேற. வார் இருக்கிற ஸீட், குழந்தை எப்படி நெளிஞ்சாலும் பிடிச்சுக்கும். பூஸ்டர்ல குழந்தையே ஒழுங்கா உட்கார்ந்தாத்தான் பெல்ட் வேலை செய்யும். ரோடு முழுக்க, தூக்கத்துலகூட. அவ உட்காருவாளா?"

இதற்கு மார்க்‌ஷீட் எங்கே கிடைக்கும்? நாங்களே பரீட்சை வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை. வேண்டுமென்றே மதியச் சாப்பாடு முடிந்த பிறகு. ஃப்ளாட்டின் கார் பார்க்கிங்கில் நிழலில் வண்டி. இன்ஜின் ஆஃப், நாலு கதவும் திறந்து. பூஸ்டரைப் போட்டு, பெல்ட்டை மாட்டி, பக்கத்தில் அம்மாவை அம்பயராக உட்கார வைத்தேன். பரீட்சை நேரம் அரைமணி.

முதல் மூன்று நிமிஷம் மைசூர் மகாராணி மாதிரி இருந்தாள். நான்காவது நிமிஷம் பெல்ட் உறுத்துகிறது என்று தோள் பெல்ட்டைக் கக்கத்துக்குக் கீழே விட்டுக்கொண்டாள். சரி செய்தோம். எட்டாவது நிமிஷம் தண்ணி பாட்டில் விழுந்தது. அதை எடுக்கத் தலைகீழாகத் தொங்கினாள். சரி செய்தோம். பன்னிரண்டாவது நிமிஷம் அடுத்த காரின் கீழே ஒரு பூனை வந்தது. அதற்கப்புறம் பெல்ட் எங்கே, பெண் எங்கே என்பது பூனைக்கே வெளிச்சம்.

இருபத்தோராவது நிமிஷம் தூங்கிப் போனாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அதன்பின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்கியது. இடுப்பில் இருந்த பெல்ட் மெதுவாக மேலே ஏறி வயிற்றில் போய் உட்கார்ந்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கையை நீட்டி அந்த பெல்ட்டைத் தொட்டாள். அப்புறம் குழந்தையின் புருவத்தை.

"தூங்கினா வயித்துக்கு வந்துடுதுடா. வேணாம். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள்.

மதுராந்தகத்துக்கு அப்புறம் குழந்தை விஷயத்தில் அம்மா சொல்கிற 'வேணாம்' எங்கள் வீட்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு.

* * *

ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாமெல்லாம் பிரமோஷனுக்கு அலைகிற ஆட்கள். குழந்தை ஒரு ஸீட்டிலிருந்து அடுத்த ஸீட்டுக்குப் போவதையும் பிரமோஷன் என்றே நினைக்கிறோம். உண்மையில் இது பி.எஃப். பிடித்தம், மெடிக்கல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 'இனிமே நீயே பார்த்துக்கோ' என்று அனுப்புகிற பிரமோஷன். ஒவ்வொரு படி ஏறும்போதும் பாதுகாப்பு ஒரு படி இறங்குகிறது. அதனால் அடுத்த ஸீட்டுக்குத் தகுதி வந்துவிட்டதா என்று பார்த்தால் போதாது. இந்த ஸீட் போதாமல் போய்விட்டதா என்றும் பார்க்கவேண்டும். என் பெண்ணின் பழைய ஸீட் 18 கிலோ வரை தாங்கும். அவள் 15. தோள் வார் புறப்படுகிற துவாரம் இன்னும் அவள் தோளுக்கு மேலேதான் இருக்கிறது. அப்புறம் என்ன அவசரம்?

பூஸ்டரிலிருந்து இறக்குவதற்கும் பரீட்சை உண்டு. காரின் வெறும் ஸீட்டில் முதுகு ஒட்ட உட்கார வையுங்கள். முழங்கால் ஸீட்டின் விளிம்பில் மடிகிறதா? இடுப்பு பெல்ட் தொடையோரம் படிகிறதா? தோள் பெல்ட் தோளின் நடுவில் வருகிறதா? போகிற தூரம் முழுக்க அப்படியே உட்கார முடிகிறதா? நான்கில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் பூஸ்டர் தொடரட்டும்.

'நாங்கல்லாம் சேட்டக் ஸ்கூட்டர் முன்னால நின்னுக்கிட்டே வளர்ந்தவங்க' என்பவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. நானும் அப்படி நின்றவன்தான். ஆனால் அப்படி நின்று வளராமல் போனவர்கள் வந்து நம்மிடம் பேசப் போவதில்லை. காலையில் ஸ்கூலுக்கு நான் இன்னும் ஸ்கூட்டரில்தான் கொண்டுவிடுகிறேன். ஒன்பது மாசத்திலிருந்து நாலு வயசு வரை பிள்ளைக்கு ஹெல்மெட், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டுகிற வார், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்று 2022-ல் அரசு அறிவித்து, 2023 பிப்ரவரியிலிருந்து விதி அமலில் இருக்கிறது. நாலு வயசு தாண்டினாலும் ஹெல்மெட் கட்டாயம். என் பெண்ணின் ஹெல்மெட் ரோஸ் கலர். அதை வாங்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. அதற்கு முன் ஹெல்மெட் இல்லாமல் எத்தனை காலை போனோம் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

* * *

தீர்ப்பைச் சொன்னதும் என் பெண் அழுதாள். ஆறு மாசம் கழித்து மறுபடி பரீட்சை என்று சொன்னேன். ஐஸ்க்ரீம் சொன்னேன். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் சலூன் கதையைச் சொன்னேன். பலகை, நாற்காலி, கத்திரி, எல்லாம்.

அழுகையை நிறுத்தி என் காதைத் தடவிப் பார்த்தாள். பிறகு தன் புருவத்தைத் தடவினாள்.

"தாத்தா ஏன் சரின்னு சொன்னாரு?"

"கன்னித்தீவு படிச்சிட்டிருந்தாரும்மா. நிமிர்ந்து பார்க்கலை."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "நீ பார்த்தியா?"

"அரைமணி நேரம் பார்த்தேன்."

"பூனையையும் பார்த்தியா?"

"பார்த்தேன்."

சமாதானமானாள் என்று சொல்லமுடியாது. ஆனால் அடுத்த வாரம் மகாபலிபுரம் கிளம்பினபோது பழைய ஸீட்டில் தானே ஏறி உட்கார்ந்தாள். வாரை மாட்டி, நெஞ்செலும்புக்கு மேலே கிள்ளிப் பார்த்தேன். விரலில் மடிப்பு சிக்கினால் தளர்ச்சி என்று அர்த்தம். சிக்கவில்லை. கதவைச் சாத்தப் போனேன்.

"இரு, பாட்டி இன்னும் போடலை" என்றாள்.

147 சென்டிமீட்டர் அம்மா, பல வருஷமாகப் பின் ஸீட்டில் பெல்ட் இல்லாமலே வருகிறவள், ஒரு நிமிஷம் பேத்தியைப் பார்த்தாள். பிறகு பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

வண்டியை எடுத்தேன்.